வீட்டைச் சுற்றி ஒரு நடை

மாநில மகளிர் சிறை, அலபாமா
6 பிப்ரவரி 2000

அன்புள்ள வெர்டெல் அக்காவுக்கு,

உன் தங்கை டோனெட் எழுதுவது. நான் நலம். இப்படி எழுதாவிட்டால் முதல் வரியிலேயே மூக்கைச் சிந்த ஆரம்பித்துவிடுவாய், அதனால் எழுதிவைக்கிறேன். மற்றதை உட்கார்ந்து படி.

குழந்தை இந்நேரம் உன் மடியில் இருப்பாள். பெயர் ஓசெல்லா. என் அம்மாவின், உன் சித்தியின் பெயர். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் நானே எழுத்துக் கூட்டிச் சொல்லி எழுதவைத்தேன். உன் சபைப் பெண்கள் யாராவது இன்னும் நாகரிகமாக இருக்கட்டும் என்று வேறு பெயர் சொல்லிக் கொஞ்சினால் நாலு வார்த்தை நன்றாகக் கேட்டுவிடு.

இங்கே பிள்ளைகள் எல்லாம் புதன்கிழமைதான் பிறக்கின்றன. ஆஸ்பத்திரிக்குக் காவல் வர ஆள் கிடைக்கிற நாள் அதுதான். எனக்கு வலியே எடுக்கவில்லை, ஊசி போட்டு எடுக்கவைத்தார்கள். இடது காலைக் கட்டிலோடு சேர்த்துச் சங்கிலியில் பூட்டியிருந்தார்கள். அந்த வயிற்றோடு எங்கே ஓடிப்போவேன் என்று நினைத்தார்களோ தெரியவில்லை. நடுவில் எனக்குத் தலை பிளந்தது. “கண்ணு இருட்டிக்கிட்டு வருதும்மா, கொஞ்சம் பாருங்க” என்று நர்ஸிடம் கெஞ்சினேன். “உங்க ஆளுங்களுக்கு எல்லா வலியும் தாங்கும். சும்மா நாடகம் போடாத” என்றாள் அந்த வெள்ளைக்காரி. வாசலில் நின்ற காவல்காரி சிரித்தாள்.

என் அம்மாவும் தம்பியை வயிற்றில் வைத்துக்கொண்டு இதே தலைவலியைத்தான் சொன்னாள். வீட்டுக்குப் போய்ப் படு என்று அனுப்பினார்கள். மூன்றாம் நாள் இரண்டு பேரையும் ஒரே பெட்டியில் வைத்துப் புதைத்தோம். எனக்குப் பதினொரு வயது, உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கட்டிலில் கிடந்தபடி அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வலி உச்சத்தில் இருந்தபோது டாக்டர் மூன்று காகிதங்களை நீட்டினார். “எல்லாரும் போடறதுதான், போடும்மா” என்றார். போட்டேன். அந்த நேரத்தில் என் தூக்குத் தண்டனைக்கே கையெழுத்துக் கேட்டிருந்தாலும் போட்டிருப்பேன். பிள்ளை வெளியே வந்ததும் மயக்க ஊசி போட்டார்கள். கண் விழித்தால் தொப்புளுக்குக் கீழே ஒரு தையல். இது எதற்கு என்று கேட்டதற்கு, எல்லோருக்கும் போடுவதுதான் என்றார்கள்.

அப்புறம் ஒரு நாள் முழுக்க அவள் என்னிடம் இருந்தாள். நான் கண்ணை மூடவே இல்லை. வியாழன் மாலை நாலு மணிக்குக் குழந்தைகள் நல அலுவலகத்துப் பெண் வந்து தூக்கிக்கொண்டு போனாள். வெள்ளிக்கிழமை பால் சுரந்தது. நாளையிலிருந்து சலவை அறைக்கு வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அக்கா, ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. மார்ச் இரண்டோடு ஒரு மாதம் ஆகிறது. நம் வீட்டில் பிள்ளை பெற்ற எவளும் மாதம் முடியாமல் முற்றத்தில் கால் வைத்ததில்லை. முடிந்த அன்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டை ஒரு முறை சுற்றி வந்து, வாசற்படியில் நின்று, தைக்கிறபோது விரலில் மாட்டுகிற குப்பியில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்தால்தான் அவள் படுக்கையை விட்டு எழுந்தவள். தாயை எழுப்பாவிட்டால் பிள்ளைக்குப் பல் முளைக்கப் பாடாய்ப் படும் என்பார்கள். என்னை இங்கே யார் எழுப்பப் போகிறார்கள்? எனக்குப் பதில் நீ சுற்று. அம்மாவின் பித்தளைக் குப்பி நீல பிஸ்கட் டப்பாவில் நூல்கண்டுகளோடு கிடக்கும்.

அவள் காதில் என் பெயரைச் சொல்லிவிடு.

உன் அன்புத் தங்கை,
டோனெட்


பெத்தெல் கிரீக்
5 மார்ச் 2000

என் கண்ணான டோனெட்டுக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் கடிதத்தை உட்கார்ந்துதான் படித்தேன், அப்படியும் மூக்கைச் சிந்தினேன், போதுமா?

பிள்ளை சுகம். பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சோளரொட்டி சுட்டுப் போடுகிறவள் நான். இந்த ஒருத்தி என்னை ஆட்டிவைக்கிறாள். புட்டிப்பால் ஒரு நிமிடம் தாமதமானால் நம் போதகர் மாதிரி குரல் எடுக்கிறாள். உன் நெற்றி, உன் அம்மாவின் காது. அந்தத் தறுதலை டெரலின் சாயல் எங்கேயும் இல்லை, கர்த்தருக்குத் தோத்திரம். உன் காரில் போதைத்தூளை ஒளித்துவைத்துவிட்டு உன்னை உள்ளே அனுப்பினவன் இன்னும் ஒரு வரி எழுதவில்லை.

நீ சொன்னபடி வியாழக்கிழமை சுற்றினேன். எழுப்பிவிட சபையிலிருந்து சிஸ்டர் மோசெல் வந்தாள். வந்ததும் வராததுமாகச் சண்டை.

“பெத்தவதான்டி சுத்தணும். ஆளை மாத்திச் சுத்தினா எல்லாம் மாறிப்போயிடும்.”

“என்ன மாறிப்போகும்?”

“எந்திரிக்கிறவ எவளோ, அவதான் தாயி.”

“அவ ஜெயில்ல இருக்கா சிஸ்டர். அங்க எந்தச் சுவத்தைச் சுத்துவா? பேசாம தண்ணிய ஊத்துங்க.”

மோசெல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேதான் ஊற்றினாள். எனக்கு முன்னால் டீக்கன் ஓடியது. டீக்கன் என் புது நாய், உனக்குத் தெரியாது. பிரசங்கம் கேட்டால் தூங்கும், புது முகம் கண்டால் பல்லைக் காட்டும், நம் சபை டீக்கன் பெரியவர்களைப் போலவே, அதனால்தான் அந்தப் பெயர். கிணற்றடி, கோழிக்கூண்டு, அம்மா நட்ட பீச் மரம் எல்லாம் கடந்து படிக்கு வந்து அந்தக் குப்பித் தண்ணீரைக் குடித்தேன். பெண்கள் கைதட்டினார்கள். யாரோ ஒருத்தி பழக்க தோஷத்தில் “அம்மா எந்திரிச்சிட்டா!” என்று சொல்லிவிட்டாள். நான் பிள்ளையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன் கட்டியை மட்டும் எடுக்கிறோம் என்று படுக்கவைத்துக் கர்ப்பப்பையையே வழித்தெடுத்து அனுப்பினார்களே, அன்றிலிருந்து யார் வீட்டில் தாயை எழுப்புகிற சடங்குக்கும் நான் போனதில்லை. அப்போது எனக்கு இருபத்தேழு வயது. “உங்க வீட்டுல சம்மதம் வாங்கிட்டுத்தான் செஞ்சோம்” என்றார் அந்த டாக்டர். லாரியில் டெக்ஸாஸ் போயிருந்த என் புருஷன் ஹோசியாதான் போனில் சரி என்றிருக்கிறான். “நான் சொல்லவே இல்ல வெர்டெல், என்னை யாரும் கேக்கவே இல்ல” என்று மூன்று வருடம் சாதித்தான். கடைசியில் துணியை மூட்டை கட்டி வாசலில் வைத்தேன். இப்போது மொபீலில் ஒருத்தியோடு இரண்டு பிள்ளைகளாம். அவன் நன்றாக இருக்கட்டும். எனக்கு அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

உன் பெயரை அவள் காதில் சொன்னேன். தும்மினாள்.

உன் அக்கா,
வெர்டெல்


மகளிர் சிறை
23 ஜூலை 2000

அன்புள்ள அக்காவுக்கு,

நான் எழுதியது ஐந்து, நீ எழுதியது ஒன்று. கோபம் இல்லை. உன் கை பிள்ளையைத் தூக்கியிருக்கும், பேனாவை எப்படிப் பிடிக்கும்? இருந்தாலும் ஒரு போட்டோ அனுப்பியிருக்கலாம்.

இங்கே மாதம் இரண்டு சனிக்கிழமை பிள்ளைகளைப் பார்க்க விடுகிறார்கள். நாலு மணி நேரப் பயணம், உன் கார் பழசு, எல்லாம் தெரியும். ஒரே ஒரு தடவை கூட்டிக்கொண்டு வா. என்னை மறந்துவிடுவாள் என்று பயமாக இருக்கிறது. மறப்பதற்கு ஒரு நாள் பழக்கம்தான் இருக்கிறது அவளுக்கு.

முடியில் கத்தரி வைக்காதே, ஒரு வயது முடியட்டும். முதல் பின்னல் நான்தான் போடுவேன். சலவை அறையில் துடைப்பத் தும்பை வைத்துப் பழகுகிறேன், மற்றவர்கள் சிரிக்கிறார்கள். உன்னைவிட நேர்த்தியாக வகிடு எடுப்பேன், பார்.

ஒரு நல்ல செய்தி. பர்மிங்ஹாமிலிருந்து மாதாமாதம் ஒரு பெண்கள் குழு வருகிறது. எல்லாம் நம் நிறத்துப் பெண்கள். மிஸ் ஜெனிவா என்று ஒருத்தி, முன்னாள் நர்ஸ். எங்கள் உடம்பைப் பற்றியும் எங்கள் பிள்ளைகளைப் பற்றியும் சட்டம் என்ன சொல்கிறது என்று வகுப்பு எடுக்கிறாள். முதல் நாளே கேட்டாள்: “ஆஸ்பத்திரியில கையெழுத்து போட்டப்போ படிச்சுப் பார்த்தவங்க எத்தனை பேரு? கையைத் தூக்குங்க.” முப்பது பேர் இருந்தோம். ஒரு கைகூட எழவில்லை. நாங்களே சிரித்துவிட்டோம்.

போட்டோ, அக்கா. போட்டோ.

உன்
டோனெட்


பெத்தெல் கிரீக்
12 நவம்பர் 2000

அன்புள்ள டோனெட்டுக்கு,

சுகமா? இங்கே ஓசெல்லாவுக்குக் காதில் சீழ் வைத்து ஒரு வாரம் காய்ச்சல். கிளினிக்கில் என்னைப் பார்த்து “நீங்க அம்மாவா?” என்றார்கள். ஒவ்வொரு தடவையும் கதை சொல்ல எனக்கு அலுத்துவிட்டது. ஆமாம் என்றேன், உடனே உள்ளே விட்டார்கள்.

செப்டம்பரில் நாங்கள் வந்துவிட்டுப் போனதைப் பற்றி மூன்று கடிதம் எழுதிவிட்டாய். எனக்கு எழுத வரவில்லை. நீ கையை நீட்டியதும் அவள் வீறிட்டதை நானும்தான் பார்த்தேன். என் கழுத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாளே, நான் என்ன செய்ய? அந்தச் சோதனை அறையில் அணையாடையை அவிழ்த்துப் பார்த்தார்கள், ஏழு மாதப் பிள்ளை எதைக் கடத்தப் போகிறது? திரும்பி வந்து நாலு நாள் சரியாகப் பால் குடிக்கவில்லை. அதனால் கொஞ்ச நாளைக்கு வேண்டாம் என்று முடிவு செய்தேன். நீ வருத்தப்படக் கூடாது.

இரண்டு பல் முளைத்துவிட்டது. ஒரு சிரமமும் இல்லை. நான் சுற்றிய சுற்று வீண் போகவில்லை.

போன வாரம் என்னை “மம்மா” என்றாள். திருத்தவேண்டும் என்றுதான் நினைத்தேன். அடுப்பில் ஏதோ கருகியது, போய்விட்டேன்.

இத்துடன் போட்டோ வைத்திருக்கிறேன். மஞ்சள் கவுன் நான் தைத்தது.

வெர்டெல்


மகளிர் சிறை
2 பிப்ரவரி 2001

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று அவளுக்கு ஒரு வயது. பக்கத்துக் கட்டில் பெண்கள் ரொட்டியில் ஜாம் தடவி, தீக்குச்சி நட்டு, பாட்டுப் பாடினார்கள். தீக்குச்சியைக் காவல்காரி பிடுங்கிக்கொண்டாள். பாட்டை ஒன்றும் செய்ய முடியவில்லை.

இதைக் கவனமாகப் படி. பிள்ளை பதினைந்து மாதம் அரசாங்கப் பொறுப்பில் இருந்துவிட்டால், தாயின் உரிமையை அறுத்துவிடச் சொல்லி அலுவலகம் கோர்ட்டுக்குப் போகலாமாம். மே மாதத்தோடு பதினைந்து முடிகிறது. நான் வெளியே வருவது அக்டோபர் ஒன்பது. அந்த ஐந்து மாதம்தான் இடிக்கிறது. ஆனால் பிள்ளை சொந்தக்காரர் வீட்டில் வளர்ந்தால், அந்தச் சொந்தக்காரர் காத்திருக்கிறேன் என்று சொன்னால், விட்டுவிடுவார்கள். மிஸ் ஜெனிவா சட்டப் புத்தகத்தைத் திறந்து விரல் வைத்துக் காட்டினாள்.

நீ நீதிபதியிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். “இவ அம்மா வர்ற வரைக்கும் நான் வச்சிருக்கேன்.” அவ்வளவுதான். நான் வந்ததும் உன் வீட்டிலேயே ஒரு மூலையில் இருந்துகொள்கிறேன். அவளுக்கு இரண்டு அம்மா இருந்துவிட்டுப் போகட்டும். நானும் அப்படித்தானே வளர்ந்தேன், என் அம்மா போனபின் உன் கையில்.

பதில் உடனே போடு.

உன் தங்கை,
டோனெட்


பெத்தெல் கிரீக்
25 பிப்ரவரி 2001

அன்புள்ள டோனெட்,

கடிதம் வந்தது. கோர்ட்டெல்லாம் எனக்குப் பழக்கமில்லை. அலுவலகத்துப் பெண் வந்து பேசிக்கொண்டிருக்கிறாள். பிள்ளைக்கு எது நல்லதோ அதைப் பார்க்கவேண்டும் என்கிறாள். அவள் சொல்வதிலும் தப்பில்லை. நீ வெளியே வந்தால் எங்கே வேலை கிடைக்கும், அந்த டெரல் மறுபடி வந்து வாசலில் நின்றால் என்ன செய்வாய், இதெல்லாம் யோசித்தாயா?

பார்க்கலாம்.

வெர்டெல்


மகளிர் சிறை
8 ஏப்ரல் 2001

அன்புள்ள அக்காவுக்கு,

பார்க்கலாம் என்று எழுதியிருந்தாய். சின்ன வயதில் நான் ஐஸ் கேட்டாலும் நீ பார்க்கலாம் என்றுதான் சொல்வாய். ஒரு நாளும் வாங்கித் தந்ததில்லை. அதனால்தான் மறுபடியும் எழுதுகிறேன்.

உன்னிடம் இரண்டு விஷயம் சொல்லவேண்டும். முதல் விஷயம் இது. என் தையலைப் பார்த்து மிஸ் ஜெனிவாவுக்குச் சந்தேகம். ஆஸ்பத்திரியில் சண்டை போட்டு என் காகிதங்களின் நகலை வாங்கிவந்தாள். வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் என்னை உட்காரவைத்தாள். “டோனெட், உனக்கு ஆபரேஷன் பண்ணியிருக்காங்கம்மா. இனிமே பிள்ளை நிக்காது. நீயே கேட்டுக்கிட்டதா கையெழுத்து இருக்கு.” மூன்று காகிதத்தில் ஒன்று அது. இருபத்து நாலு வயதில் எனக்குக் கடையை மூடிவிட்டார்கள், அக்கா. நான் முதலில் சிரித்தேன். அப்புறம் என்னை நாலு பேர் பிடித்துக்கொள்ளவேண்டியிருந்தது.

ஓசெல்லா ஒருத்திதான் எனக்கு. இனி யாரும் இல்லை. இது எப்படி இருக்கும் என்று உலகத்தில் யாருக்கும் நான் விளக்கவேண்டாம், உனக்கு விளக்கவே வேண்டாம். மிஸ் ஜெனிவா இந்த ஆஸ்பத்திரி மேல் வழக்குப் போடவேண்டும் என்கிறாள். என்னைப் போல இந்தச் சிறையிலேயே பதினொரு பேர் இருக்கிறோம். உன் பெயரையும் சேர்க்கலாம் என்று சொன்னேன்.

இரண்டாவது விஷயம் ஏழு வருடமாக என் தொண்டையில் நிற்கிறது. இன்று துப்பிவிடுகிறேன். அன்று உன் ஆபரேஷன் அறைக்கு வெளியே நான் மட்டும்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பத்தொன்பது வயது. டாக்டர் கையுறையோடு வெளியே வந்தார். “ரத்தம் நிக்கல. கையெழுத்து போடலன்னா செத்துடுவா. நீ யாரு, தங்கச்சியா? இங்க போடு” என்றார். என் அம்மா செத்தது மாதிரி நீயும் செத்துவிடுவாய் என்றுதான் எனக்குத் தோன்றியது. நான் போட்டேன். என்ன எழுதியிருந்தது என்று படிக்கவில்லை. ரத்தம் நிற்கவில்லை என்பதே பொய் என்று இப்போது மிஸ் ஜெனிவா சொல்லித்தான் எனக்குச் சந்தேகம் வருகிறது.

ஹோசியா அத்தான் உண்மையைத்தான் சொன்னார். அவரை யாரும் கேட்கவில்லை. நீ அவர் துணியை மூட்டை கட்டியபோது நான் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் நீ என்னையும் சேர்த்துத் துரத்துவாய் என்று பயந்தேன். எனக்கு வேறு வீடு இல்லை. தினமும் உன் முகத்தைப் பார்த்து நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று வருடம் போய்விட்டது.

என் காலைக் கட்டி வைத்து, எழுதப் படிக்கத் தெரிந்த என்னையே ஏமாற்றியிருக்கிறார்கள். அன்று அந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்தவளையும் அப்படித்தான் ஏமாற்றினார்கள் என்று உனக்குப் புரியும். நம் இரண்டு பேருக்கும் ஒரே கை செய்த வேலை இது. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், நீதிபதியிடம் அந்த ஒரு வாக்கியம்.

உன்னிடம் இனி மறைக்க ஒன்றும் இல்லாத
டோனெட்


பெத்தெல் கிரீக்
3 ஜூன் 2001

டோனெட்டுக்கு,

உன் கடிதம் வந்த அன்று மொபீலுக்குப் போன் போட்டேன். நாலு வருடம் கழித்து. ஒரு பெண் எடுத்தாள், பின்னால் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தன. ஹோசியா வந்து “யாரு?” என்றான். என் குரலைக் கேட்டதும் “வெர்டெல், நான் சொல்லவே இல்ல” என்றான். நான் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே, பழைய வேகத்தில். நான் போனை வைத்துவிட்டேன். வேறு என்ன பேசுவது அவனிடம்?

மூன்று வருடம் அவன் தட்டைத் தனியாக வைத்தேன். அவன் இருமினால்கூடப் பொறுக்காது எனக்கு. நீ அதே மேசையில் உட்கார்ந்து, நான் பொரித்த மீனைத் தின்றுகொண்டு, “அக்கா, இன்னும் கொஞ்சம் குழம்பு” என்று கேட்டுக்கொண்டிருந்தாய். உனக்குப் போட்ட சோறு எனக்குக் கண்முன் வருகிறது. பயமாம். உனக்குப் பயம் வந்தால் அடுத்தவள் வீடு எரியவேண்டும்.

வழக்கு, ஆஸ்பத்திரி, மிஸ் ஜெனிவா எல்லாம் நீ பார்த்துக்கொள். என் பெயரைச் சேர்க்காதே. அந்த டாக்டர் செத்து மூன்று வருடம் ஆகிறது. அவன் கல்லறையை நான் என்ன செய்வது? கையில் அகப்பட்டவள் நீதான்.

கோர்ட் போன புதன்கிழமை. உங்கள் ஊரில் எல்லாம் புதன்கிழமைதான் நடக்கும் என்று எழுதியிருந்தாயே, இங்கேயும் அப்படித்தான் அமைந்தது. உன்னைக் கூட்டிவர வண்டி இல்லை என்று சிறையிலிருந்து தகவல் வந்தது. உன் பர்மிங்ஹாம் பெண்கள் இரண்டு பேர் பின் பெஞ்சில் இருந்தார்கள். ஒருத்தி என்னைப் பார்த்துக் கையைக் கூப்பினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நீதிபதி கேட்டார்: “தாய் வரும்வரைக்கும் காத்திருக்க உங்களுக்குச் சம்மதமா?”

“இல்லீங்க” என்றேன்.

“நீங்களே தத்து எடுத்துக்க விரும்பறீங்களா?”

“ஆமாங்க.”

அலுவலகத்துப் பெண் எழுந்து, “தாய்க்கு வயசு குறைவுதான், வெளிய வந்து இன்னும் பெத்துக்கலாம்” என்றாள். நீதிபதி என்னைப் பார்த்தார். பின் பெஞ்சுக்குப் பேச இடம் இல்லை. பேசக்கூடியவர்களில் உண்மை தெரிந்தவள் நான் ஒருத்திதான், உன் கடிதம் என் கைப்பையில்தான் இருந்தது. ஆமாம் என்று தலையை ஆட்டினேன். தெரிந்துதான் ஆட்டினேன்.

அப்புறம் காகிதத்தை நீட்டினார்கள். வழக்கமானதுதான், போடுங்கள் என்றார்கள். நான் உன்னைப் போல இல்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை இரண்டு தடவை படித்தேன். எல்லோரும் காத்திருந்தார்கள். படித்துவிட்டுத்தான் போட்டேன்.

பெயரை மாற்றவில்லை. உன் அம்மா எனக்குச் சித்தி, அந்தப் பெயர் எனக்கும் சொந்தம். உன்னை நல்லபடியாகவே சொல்லி வளர்ப்பேன், தூரத்துச் சொந்தம் என்று. அவளை எனக்குக் கொடு என்று நான் உன்னிடம் கேட்கவில்லை. வீட்டைச் சுற்றச் சொன்னது நீ. மோசெல் வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டாள், நான்கூட விளையாட்டாகத்தான் சுற்றினேன். தண்ணீர் உள்ளே இறங்கியபின் விளையாட்டாக இல்லை.

ஒரு வயது முடிந்து முடி வெட்டினோம். முதல் முடி பெற்றவளுக்குச் சேரவேண்டியது என்பதால் மெழுகுத்தாளில் மடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். பின்னல் நான் போட்டுவிட்டேன். இனி எழுதாதே. அவளுக்கு எழுத்து தெரிகிற வயது வந்தால் குழப்பம்.

வெர்டெல்


மகளிர் சிறை
19 ஜூன் 2001

வெர்டெல் அக்காவுக்கு,

இது கடைசிக் கடிதம், பயப்படாதே.

முடி என் கைக்கு வரவில்லை. இங்கே கடிதங்களைப் பிரித்துப் பார்க்கிற அறையில் எடுத்துவிட்டார்கள். மனித முடி உள்ளே வரக் கூடாதாம். நான் ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். மெழுகுத்தாளுக்குள் கறுப்பாக ஒரு சின்னச் சுருள். சிவப்பு நூலால் கட்டியிருந்தாய். அந்த அறைக் காவல்காரி நல்லவள், ஒரு நிமிடம் பார்க்க விட்டாள்.

அப்புறம் ஒரு காகிதம் நீட்டினாள், கையெழுத்துப் போட. நான் வாங்கி, நின்றபடியே, முழுக்கப் படித்தேன். இரண்டு கட்டம் இருந்தது. அழித்துவிடலாம் என்பது ஒன்று, அனுப்பியவருக்கே திருப்பலாம் என்பது ஒன்று. திருப்பலாம் என்பதில் குறி போட்டேன். உன்னிடமே வரும். பீரோவில் வைக்காதே, பூச்சி அரிக்கும்.

நீ என் மேல் வைத்த கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஹோசியா அத்தானுக்கும் உனக்கும் நான் செய்தது பாவம்தான், அதற்கு என்னை எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொள்வேன். ஆனால் அந்தத் தலையாட்டலை உன்னிடம் நான் எதிர்பார்க்கவில்லை. அதை மன்னிக்கமாட்டேன். சாகிறவரை மாட்டேன்.

மிஸ் ஜெனிவா மேல்முறையீடு எழுதிக்கொண்டிருக்கிறாள். ஜெயிப்பது கஷ்டம் என்று அவளே சொல்லிவிட்டாள். பதினொரு பேர் வழக்கு நடக்கும். முதல் பெயர் என்னுடையது.

ஒன்று மட்டும் யோசித்துப் பார்த்தேன். நம் வீட்டு வழக்கப்படி நான் இன்னும் பிள்ளை பெற்ற படுக்கையில்தான் கிடக்கிறேன். என்னை யாரும் எழுப்பவில்லை. அக்டோபர் ஒன்பதாம் தேதி காலையில் விடுகிறார்கள். அன்று சாயங்காலம் பெத்தெல் கிரீக் வருவேன். கதவைத் தட்டமாட்டேன், அவளைக் கூப்பிடமாட்டேன், ஜன்னலைக்கூடப் பார்க்கமாட்டேன். கிணற்றடி, கோழிக்கூண்டு, பீச் மரம் வழியாக உன் வீட்டை ஒரு தடவை சுற்றுவேன். குப்பியை நீயே வைத்துக்கொள், தண்ணீரை நான் உள்ளங்கையில் எடுத்துக் குடித்துக்கொள்கிறேன். குடித்துவிட்டுப் போய்விடுவேன்.

நாயைக் கட்டிப்போட்டு வை. அதற்கு என்னைத் தெரியாது.

ஓசெல்லாவின் அம்மா,
டோனெட்